இன்னும் முடிவு பண்ணல

"இந்தத் தடவை யாருக்கும் ஓட்டு இல்ல" என்று லிஃப்ட்காரர் சொன்னதும், ஓட்டுக் கேட்டு வாசலில் நின்ற கட்சிக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

லிஃப்ட்காரர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் முப்பது வருடம் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் கீழே வந்து நின்றவர். ஓட்டு விஷயத்திலும் அதே கதைதான். பத்துத் தேர்தலாக ஒரே கட்சி. போன மாதம் அந்தக் கட்சியில் பாதிப்பேர் எதிர்க்கட்சிக்குப் போனார்கள், அங்கிருந்து பாதிப்பேர் இங்கே வந்தார்கள். அவருக்கு வெறுத்துப்போயிற்று.

"என்ன கோபம்ணே?" கட்சிக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "அண்ணியா? எப்ப தவறினாங்க?"

"ரெண்டு வருஷமாச்சு."

"பேரு?"

சொன்னார். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லியே வெகுநாளாகியிருந்தது. மனைவி போனபிறகு அந்த வீட்டில் பேசியது டிவி ஒன்றுதான்.

கட்சிக்காரர் எழுந்தார். லிஃப்ட்காரருக்குத் திக்கென்றது. "இருங்க, இன்னும் முடிவு பண்ணல. நாளைக்கு வாங்க, யோசிச்சுச் சொல்றேன்."

மறுநாளும் வந்தார். சேதி எதிர்க்கட்சிக்கு எட்டி, அங்கிருந்து ஒரு அம்மாள் வந்தார்.

"எங்களையும் கொஞ்சம் யோசிங்கப்பா."

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

காலையில் அவர், மாலையில் இவர். டீத்தூள் கரைந்தது. நான்காம் நாள் அம்மாள் காலையிலேயே வந்துவிட, பின்னாலேயே கட்சிக்காரரின் குரல் கேட்டது. லிஃப்ட்காரர் பதறி, அம்மாளைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே டம்ளர் உருண்டது.

"பூனை" என்றார்.

"உங்க பூனை வாசல்ல செருப்புக் கழட்டிப் போட்டிருக்கேண்ணே."

அம்மாள் வெளியே வந்தார். இனி அடிதடிதான் என்று லிஃப்ட்காரர் டிவியை நகர்த்தி வைத்தார்.

"அட, நீயா? சௌக்கியமா?" என்றார் கட்சிக்காரர். போன மாதம்வரை இருவரும் ஒரே கட்சியாம்.

அன்று மூன்று பேருமாக உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு மறுபடி படத்துக்கே வந்தது.

"அம்மா கைநாட்டா, கையெழுத்தாப்பா?" அம்மாள் கேட்டார்.

"கைநாட்டா? முத்து முத்தா எழுதுவா." பெட்டியைத் திறந்து பழைய பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினார். இருவரும் அந்தக் கையெழுத்தைத் தலை சேர்த்து வெகுநேரம் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைகூட இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது.

அதற்காகவாவது ஓட்டுப் போட வேண்டும் என்று தோன்றியது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை. போட்டுவிட்டால் மறுநாளிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தேர்தலன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மதியம்வரை தள்ளிப்போட்டு, மெதுவாகவே நடந்தார்.

வாக்குச்சாவடியில் இருந்த குமாஸ்தா பட்டியலில் விரலை ஓட்டினார். "உங்க பேரை அடிச்சிருக்கே சார். இறந்துட்டதா போட்டிருக்கு."

"இறந்தது என் சம்சாரம். பேரை எடுக்கச் சொல்லி நான்தான் எழுதிக் குடுத்தேன்."

குமாஸ்தாவின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"அவங்க நல்லாத்தான் இருக்காங்க சார். காலையில முதல் ஆளா வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. பாருங்க, கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கு."