சிவப்பு போன் வாத்தியார்

அடித்தது கறுப்பு போன் இல்லை, சிவப்பு போன். லிப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜன்னல் விளிம்பில் இரண்டு போன்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டும் வேலைக்கு முந்தின நாள்தான் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தார். "தகவல் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். தகவல் வர வேண்டியது அவருடைய கறுப்பு போனில். சிவப்பு போன் அடிக்கவே கூடாது. அதற்கு உரியவர் இந்த உலகத்திலேயே இல்லை.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன படிவத்தால் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: 'உறவினர் அல்லாத, விண்ணப்பதாரரை ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிந்த ஒருவர்.'

பேனாவைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் யோசித்தார். வயது நாற்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. தங்கை இருக்கிறாள், ஆனால் உறவினர் கூடாதாம். வேலை பார்த்த கம்பெனியை ஆறு மாதம் முன்பு இழுத்து மூடிவிட்டார்கள்; கூட இருந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். முடி வெட்டுகிறவருக்கு அவர் தலை தெரியும், பெயர் தெரியாது. லிப்டில் ஏறுகிறவர்களோ கதவுக்கு மேலே மாறுகிற எண்ணைப் பார்ப்பார்களே தவிர, பொத்தானை அமுக்குகிறவரைப் பார்ப்பதில்லை. யாராவது தப்பித் தவறி "என்னங்க, எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பித்தால், பதில் சொல்வதற்குள் அவர்கள் மாடி வந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஏறி இறங்கியதில் போய்விட்டது.

கட்டம் காலியாக இருந்தால் படிவம் செல்லாது. அதனால் வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் 'ஓய்வு பெற்ற வாத்தியார்' என்று போட்டு, சும்மா கிடந்த சிவப்பு போனின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் யார் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

கேட்டுவிட்டார்களே! ஒரு பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஹலோ" என்றார்.

"வாத்தியார் சாருங்களா? ஆஸ்பத்திரி ஆபீஸ்லேருந்து குமாஸ்தா பேசறேன்."

அதே நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரம் அஞ்சு அடித்தது. மணி மூன்று. அது அப்படித்தான், மூணு மணிக்கு அஞ்சு அடிக்கும், அஞ்சு மணிக்கு வாயைத் திறக்காது.

"உங்களுக்குத் தன்னை நல்லாத் தெரியும்னு ஒருத்தர் எழுதியிருக்காரே?" என்றார் குமாஸ்தா.

"தெரியுமாவது! தங்கமான மனுஷன்."

"எப்படிப் பழக்கம்?"

"எங்க ஸ்கூல் லிப்ட்ல…"

"ஸ்கூல்ல லிப்டா? எத்தனை மாடி சார்?"

"ஒண்ணு." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா ரொம்ப உயரமான மாடி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒரே இருமல். பிறகு குமாஸ்தா நன்றி சொல்லி வைத்துவிட்டார். கண்டம் தாண்டியது என்று லிப்ட்காரர் பெப்பர்மின்ட்டை மென்று விழுங்கினார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மறுபடியும் சிவப்பு போன்.

"வாத்தியார் சார், ஒண்ணு விட்டுப்போச்சு. அவர் எப்படி, கோவக்காரரா?"

"அவரா? ஒரு தடவை லிப்ட் நடுவழியில நின்னுபோச்சு சார். உள்ள எட்டு பேர். ரெண்டு மணி நேரம். ஒரு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. இவர் ஆளுக்கொரு விடுகதை போட்டு அத்தனை பேரையும் சிரிக்க வெச்சார். கதவு திறந்தப்போ யாருக்கும் இறங்க மனசில்ல."

"அடடே! அப்புறம்?"

அது நிஜமாகவே நடந்தது. லிப்ட்காரர் அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டாமா? அன்றைக்கு முழுசாகச் சொன்னார். போனை வைத்தபோது மணி நாலாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை குமாஸ்தா, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுத் தொலைத்தார். யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்ததால், "அவளுக்குத்தான் முழங்கால் வலி" என்று சொல்லிவிட்டார். வாத்தியாருக்கு ஒரு மனைவி வந்தாயிற்று. எந்தக் கால் என்று குமாஸ்தா விசாரித்தார். இடது கால். மறந்துவிடக் கூடாதே என்று கிழித்த நாள்காட்டித் தாளின் பின்னால் 'மனைவி, இடது' என்று குறித்து ஜன்னலில் ஒட்டினார்.

புதன்கிழமை வலது கால் என்று சொல்லி மாட்டிக்கொண்டு, வலி இடம் மாறிவிட்டதாகச் சமாளித்தார். பேச்சை மாற்ற ஒரு பெண்ணை இழுத்தார். பெண் என்றால் மாப்பிள்ளை வேண்டும். மாப்பிள்ளை என்றால் மனஸ்தாபம் வேண்டும். மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தக் குமாஸ்தா முக்கால் மணி நேரம் யோசனை சொன்னார். ஜன்னலில் தாள் ஒட்ட இடம் இல்லை.

இத்தனைக்கும் கறுப்பு போன் வாயே திறக்கவில்லை. லிப்ட்காரர் விடிந்ததும் நாலு மாடி இறங்கி ஓடி (அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது) பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஜன்னலுக்கே திரும்பினார். கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். அவருடையதை அவர் திறந்தே மாதக்கணக்கில் ஆகிறது. அவருக்கு யார் எழுதப் போகிறார்கள்?

கையிருப்பு இன்னும் ஒரு மாதத்துக்குத்தான் வரும். இந்த வேலை கிடைக்காவிட்டால் தங்கை வீட்டுக் கூடத்தில் மூலையில் பாய் போட வேண்டியதுதான். அது தெரிந்தும் இரண்டரை மணி ஆனால் அவர் கண் சிவப்பு போன் பக்கம்தான் போனது. தலையைக்கூட வாரிக்கொண்டார். வெட்கக்கேடு.

வியாழக்கிழமை வினை வந்தது. ஒரு வாரமாக அடக்கிய பெப்பர்மின்ட் வேலையைக் காட்டி, கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. இப்போது பெப்பர்மின்ட் இல்லாமலே வாத்தியார் குரல்தான் வந்தது. கறுப்பு போன் அடித்தால் என்ன செய்வது? இந்த வாத்தியாரை மெல்லக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

"குரலே சரியில்லையே சார்?" என்றார் குமாஸ்தா.

"உடம்பு முடியல. இனிமே பேசறது கஷ்டம். ஆஸ்பத்திரியில சேரப்போறேன்."

"அட, நம்ம ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு? நாளைக்கு நானே வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன். மூணு மணிக்குக் கூப்பிடறேன், விலாசம் சொல்லுங்க."

"வேண்டாம் சார், சாதாரண…"

"சும்மா இருங்க சார். முழங்காலையும் காட்டிடலாம், வீட்டம்மாவையும் கிளம்பச் சொல்லுங்க."

லிப்ட்காரர் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஒரே வழிதான் இருந்தது. வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கறுப்பு போனிலிருந்து சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் மனசு வரவில்லை. கோவக்காரரா என்று கேட்டால் ஒரு மணி நேரம் தன்னைப் பற்றி நல்லதாகவே பேச வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு? இருக்கிற ஒரே சிநேகிதனை எப்படிச் சாகடிப்பது?

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கடிகாரம் அஞ்சு அடித்தது. சிவப்பு போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா வாத்தியார் சார்?"

"சார்," என்றார் லிப்ட்காரர். பெப்பர்மின்ட் இல்லை, நடிப்பு இல்லை, கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. "வாத்தியார்னு யாரும் இல்ல. பொண்டாட்டி இல்ல, முழங்கால் இல்ல, மாப்பிள்ளை இல்ல. நான்தான் லிப்ட்காரன். அந்தக் கட்டத்துல எழுத எனக்கு ஒரு ஆளும் கிடைக்கல சார். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. வேலை போனாப் போகட்டும். எட்டு பேரைச் சிரிக்க வெச்சது மட்டும் நிஜம்."

இப்போது போனை வைத்துவிடுவார் என்று நினைத்தார்.

"அது முதல் நாளே தெரியும் சார்," என்றார் குமாஸ்தா மெதுவாக. "இன்டர்வியூ தேதி சொல்ல உங்க போன்ல கூப்பிட்டேனே, அன்னிக்கும் பின்னாடி மூணு மணிக்கு அஞ்சு அடிச்சுது."

லிப்ட்காரர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா தினமும் கூப்பிட்டு விசாரிச்சீங்க?"

"விசாரணையெல்லாம் முதல் நாளோட முடிஞ்சுது சார், உங்க ஆர்டரைத் திங்கட்கிழமை காலையிலேயே தபால்ல போட்டாச்சு, கீழ பெட்டியைத் திறந்து பாருங்க… அப்புறம் கூப்பிட்டதெல்லாம், மூணு மணிக்குப் பேச எனக்கும் வேற ஆள் இல்லாமத்தான்."