சோக்குத் துவக்கு

வெடிச் சத்தம் கேட்டுப் பன்றி தலையைத் தூக்கியது. பளீலை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பழையபடி கதிருக்குள் தலையை விட்டுக்கொண்டது.

பளீல் துவக்கைத் தாழ்த்தினான். பக்கத்து வரம்புதான். கண் தெரியாதவன் சுட்டாலும் பட்டிருக்க வேண்டும்.

மாமனார் கச்சிமுகம்மது விட்டுப்போன வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல் அது. வாய்ப்பக்கத்தைத் துரு தின்றதென்று, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே இரண்டு குழலையும் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்.

போன போகத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த அன்று பளீல் இதே துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பி வந்தான். "சேத்தையா சுடப் போன நீ?" என்று இறக்காமம் சந்தியில் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். இந்தப் போகமும் போனால் குத்தகை வயல் கைமாறிவிடும். அதற்குப் பிறகு சிரிக்கவும் தெம்பிருக்காது.

துவக்கைச் சாக்கில் சுற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனான். லேத் கடை அர்ஹம் குழலுக்குள் ஒற்றைக் கண்ணை விட்டுப் பார்த்தான்.

"வாய அறுத்ததோட ஒடுக்கமும் போயிட்டு காக்கா. ஈயச் சன்னம் சிதறுது. சோக் போடணும்."

"சோக்கு என்னத்துக்கு மனே? கலியாணத்துக்கா கொண்டுபோறன்? பன்றி செத்தாப் போதும்."

"அந்தச் சோக்கில்ல காக்கா! வாய ஒடுக்கிற சோக். உள்ள ஒரு வளையம் வெச்சா சன்னமெல்லாம் ஒண்டாப் போய் விழும்."

வளையம் ஏறியது. பளீல் மனைவி றுஸ்னாவிடம் தோட்டாக் கேட்டான். தோட்டாப் பெட்டி அவளுடைய அலுமாரியில்தான் இருந்தது. பூட்டுத் திறப்பு அவள் இடுப்பில். கேட்கும்போதெல்லாம் இரண்டே இரண்டை எடுத்து நீட்டுவாள். சரியான கருமி.

"தகரத்தத் தட்டி வெரட்டுங்களன்," என்றாள்.

"தகரத்துக்குப் பன்றி ஆடுது புள்ள. நீ தா."

அன்றைக்குப் பன்றி குடும்பத்தோடு வந்திருந்தது. பளீல் சுட்டான். குட்டிகள் மட்டும் கொஞ்சம் விலகி நின்று தின்றன.

அர்ஹமை வயலுக்கே இழுத்து வந்தான். வரம்பில் ஒரு தகரத்தை நிறுத்திச் சுட்டார்கள். டங்கென்று கேட்டது. போய்ப் பார்த்தால் ஓட்டை இல்லை.

"பட்டிரிக்கி காக்கா. பாயல்ல. இன்னும் இறுக்கணும்."

"இறுக்கு மனே. என்ட கழுத்த இறுக்கிறதுக்குள்ள இறுக்கு."

இறுக்கினான். அடுத்த வெடியில் துவக்கு பளீலின் தோளில் உதைத்து அவனை வாய்க்காலில் தள்ளியது. வளையம் கழன்று பறந்தது. பன்றி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்து வயல் வாடிக் குடிலில் வேலப்போடியார் வைத்திருந்த மீன்கறிச் சட்டிதான் உடைந்தது.

விடிந்ததும் வேலப்போடியார் சட்டி ஓட்டோடு வந்து நின்றார்.

"பன்றிக்கு வெச்ச குறி என்ட கறிக்கா காக்கா?"

"மன்னிச்சுக்குங்க போடியார். சோக் கழண்டிட்டு."

"சட்டி கிடக்கட்டும். பன்றி வாற வரம்பில ஆராவது பயறு விதைப்பானா?"

"பயறா?"

போடியார் விரலை நீட்டினார். ஒரு கிழமையாகப் பளீல் சுட்டுத் தள்ளிய பக்கமெல்லாம், ஈர வரம்பு நெடுக, இரண்டிரண்டு இலை விட்டுப் பயறு முளைத்திருந்தது.

பளீல் மடியில் மீந்திருந்த தோட்டாவை எடுத்து அதன் மூடி அட்டையைக் கத்தியால் கிளப்பினான். உள்ளங்கையில் பச்சைப்பயறு கொட்டியது. ஒரு சன்னம் இல்லை.

திரும்பி வயலைப் பார்த்தான். பாதி சாய்ந்து கிடந்தது. மீதி இன்றைக்கோ நாளைக்கோ.

கையை மூடியபடியே வீட்டுக்கு ஓடினான். றுஸ்னா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பயறைச் சுளகுக்குள் வீசினான்.

"பன்றிக்கு விருந்தாடி வெச்ச? கதிரெல்லாம் போயிட்டே! மாமனார்ர துவக்கத் தூக்கிட்டு நான் நாய் மாதிரி கல்முனைக்கும் வயலுக்கும் அலையிறன். ஏன்டி இப்பிடிச் செஞ்ச?"

றுஸ்னா தலை நிமிரவில்லை. அரிசிக்குள் விழுந்த பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"வெள்ளம் வடிஞ்ச அண்டு வயல்ல நெல்லும் இல்ல, பன்றியும் இல்ல. ஆரச் சுடத் துவக்குக் கொண்டுபோனீங்க?"