நாற்பதாவது கட்டம்

இலக்கு டீச்சர் என்று ஓர் இனம் உண்டு. தொடக்கப்பள்ளிகளில் வகுப்புக்கு ஒன்று வீதம் தென்படும். கண்டுபிடிப்பது சுலபம்: கையில் சிவப்புப் பேனா, சுவரில் போர்வை அகலத்துக்கு ஓர் அட்டை.

நம் மூன்றாம் வகுப்பு டீச்சர் இந்த இனத்தின் அசல் வித்து. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், அறிவியலில் விதை முளைப்பதை வரைதல், ஓவியத்தில் கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டுதல், விளையாட்டில் பத்து எண்ணும்வரை ஒற்றைக் காலில் நிற்றல் என்று பிள்ளைக்குப் பிள்ளை, பாடத்துக்குப் பாடம் அட்டையில் ஒரு கட்டம்; செய்து காட்டினால் அதில் சிவப்பு டிக். அன்றைய இலக்கைப் பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு இழுப்பதற்குள் மணி அடித்துவிடும். பாடமா? அது கிடக்கிறது.

நாளை தலைமையாசிரியை அட்டையைப் பார்வையிட வருகிறார். எட்டுப் பிள்ளைகள், ஐந்து பாடம்; நாற்பது கட்டங்களில் ஒரே ஒன்று மட்டும் விழுந்த பல்லின் இடம்போலக் காலி. மொழிப்பாடம்: 'தானாக ஒரு கேள்வி கேட்பாள்.' கடைசி பெஞ்சுப் பெண்ணுடையது. நான்கு பேர் இருந்த வீட்டில் தம்பி இறந்துபோய் இரண்டு மாதம். அன்றிலிருந்து அவள் பள்ளியில் வாய் திறக்கவில்லை. டீச்சருக்கு அதுவே கவலை. பிள்ளைக்காகவா, கட்டத்துக்காகவா? அவருக்கே பிரித்துச் சொல்ல வராது.

கணக்குப் பீரியடில் பலகையில் நான்கு பூ வரைந்து ஒன்றை அழித்தார். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், நாலுல ஒண்ணு போனா மூணு. போன அந்த ஒண்ணு எங்க இருக்கும்?"

டீச்சர் அட்டையை நோக்கி விரைந்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். அப்போதுதான் இனத்தின் புத்தி தலைகாட்டியது: இது கணக்குப் பீரியட், காலிக் கட்டமோ மொழிப்பாடத்தில்.

"நல்ல கேள்விடா கண்ணு. அப்படியே வெச்சுக்கோ. அடுத்தது மொழிப் பீரியட்தான். அப்போ கேளு, டிக் போட்டுடலாம்."

அடுத்த பீரியடும் வந்தது. டீச்சர் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

"இப்போ கேளு கண்ணு."

அவள் மேசையைப் பார்த்தாள்.

"அதே கேள்விதான். காத்துட்டு இருக்கேன்ல?"

முன் பெஞ்சுக்காரன் உதவிக்கு வந்தான். "நான் வேணா கேக்கட்டுமா டீச்சர்? எனக்கு ஞாபகம் இருக்கு."

"உனக்குப் போன மாசமே டிக் போட்டாச்சு. உக்காரு."

மணி அடித்தது. டீச்சர் கட்டத்தில் 'முயற்சி தேவை' என்று எழுதினார். யாருடைய முயற்சி என்று எழுத அதில் இடமில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சற்றுமுன் உங்கள் அறை வாசலில் ஏதோ கேட்க வாயெடுத்த பிள்ளையிடம், "இரு, இதைப் படிச்சு முடிச்சிடறேன்" என்றது யார்? இன்னும் அங்கேதான் நிற்கிறதா, எட்டிப் பாருங்கள்.