சகலையோடு பனிச்சறுக்கு

"அப்ப சரி, நாங்களும் வர்றோம்" என்று ஹூஷங் சொன்னதும் ஈரஜுக்கு வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றுவிட்டது.

குற்றம் முழுவதும் ஈரஜுடையது என்று சொல்லிவிட முடியாது. டெஹ்ரானில் பிறந்து வளர்ந்தவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதையேதான் செய்திருப்பார். வெள்ளிக்கிழமை, மாமியார் வீட்டுச் சாப்பாடு. குளிர்காலத்தில், பஹ்மன் மாதத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது, குடும்பத்தோடு பனிச்சறுக்குப் போகப் போகிறேன் என்று ஈரஜ் அறிவித்தார். எதிரே சகலை உட்கார்ந்திருந்தார். சகலையை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைச் சொல்லிவிட்டு, "நீங்களும் எங்க விருந்தாளியா வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சேர்க்காவிட்டால் மரியாதை ஆகாது. அதற்கு அவர், "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். இவர் மறுபடி கூப்பிடுவார். அவர் மறுபடி மறுப்பார். மூன்றாவது தடவையும் ஆன பிறகு இருவரும் மனநிறைவோடு விஷயத்தை விட்டுவிட்டு டீ குடிப்பார்கள். ஊர் முழுக்க இப்படித்தான். டாக்சிக்காரர்கூட முதலில் காசே வேண்டாம் என்றுதான் சொல்வார். அதை நம்பி இறங்கிப் போனவர் யாரும் இல்லை.

ஹூஷங் முதல் தடவையே ஒத்துக்கொண்டுவிட்டார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி ஃபரங்கீஸ், வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

"நானா? அந்த ஆளுகிட்டயா? என் நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டேன்."

"அப்ப அவங்க மூணு பேர் செலவும் நம்ம தலையிலதானே?"

"ஆமா. விருந்தாளின்னு கூப்பிட்டாச்சு. அந்த ஆள் கை பாக்கெட்டுக்குள்ள போக விடமாட்டேன்."

ஈரஜ் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சொந்தச் சித்தப்பாவின் மளிகைக் கடைத் தராசுக்கே சீல் வைத்தவர். வளைந்து கொடுப்பது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. இந்தக் குணத்தால்தான் ஆறு வருடமாக அந்தக் குடும்பம் ஒரு குளிர்கால விடுமுறைக்கும் போகவில்லை. ஒரு வருடம் பயண ஏஜென்ட் "உங்க பட்ஜெட்டுக்கு ஏத்த மாதிரி" என்று சொல்லிவிட்டான். ஈரஜ் எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வருடம் சுங்கச் சாவடியில் "சீக்கிரம் எடுங்க" என்று அதட்டினார்கள், காரைத் திருப்பிவிட்டார். போன வருடம் எல்லாம் ஏற்பாடாகி, பெட்டியும் கட்டியாகிவிட்டது. அந்த இடம் நல்ல இடம் என்று ஹூஷங் பாராட்டிவிட்டார். அவ்வளவுதான், பெட்டி பிரிக்கப்பட்டது.

மூத்தவள் கோல்நாருக்குப் பதினொரு வயது. மாநகரத்துத் தெருவோரத்தில் புகையில் கறுத்துக் கிடக்கும் பனியைத் தவிர வேறு பனியை அவள் தொட்டதில்லை. இந்த வருடமும் நடக்காது என்று அவள் தன் தம்பியிடம் சொன்னதை ஈரஜ் கேட்டுவிட்டார். அது அவருக்கு வலித்தது. இந்த வருடம் போயே தீருவது, அதுவும் தான் தேர்ந்தெடுத்த இடத்துக்கு, தன் காசில். அதில் அவர் மாறுவதாக இல்லை.

மாறவேண்டியவர் ஹூஷங். அவர் குளியலறை ஓடு வியாபாரி. வருடா வருடம் பணக்காரர்கள் சறுக்கும் டீஸின் மலைக்குப் போகிறவர்; சொந்தமாகச் சறுக்குக் கட்டை வைத்திருப்பவர். அப்பேர்ப்பட்டவர் மூக்கைச் சுளிக்கிற மாதிரி ஓர் இடத்தைச் சொன்னால் தானாகக் கழன்றுகொள்வார் என்று ஈரஜ் கணக்குப் போட்டார். மறுநாளே போன் செய்தார்.

"சகலை, ஆப்-அலிக்குப் போலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். பழைய இடந்தான். பாதிப் பேர் லாரி ட்யூப்ல உக்காந்துதான் சறுக்குவாங்க."

"ட்யூபா! பிரமாதம்! சின்ன வயசுல நான் ட்யூப்ல சறுக்கித்தான் பல்லு உடைச்சுக்கிட்டேன்."

ஈரஜ் போனை முறைத்தார்.

"ஆனா ஒண்ணு, சகலை" என்று ஹூஷங் தொடர்ந்தார், "லீவு நாள்ல அங்க பனி தெரியாது, தலைதான் தெரியும். அதைவிட சின்ன இடமா, மலிவா ஒண்ணும் கிடைக்காது, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க."

"யாரு சொன்னா கிடைக்காதுன்னு?"

"இல்ல, நான் விசாரிச்சவரைக்கும்..."

"நீங்க விசாரிச்சா கிடைக்காது. நான் விசாரிச்சா கிடைக்கும்."

போனை வைத்த பிறகுதான், சகலையைக் கழற்றிவிடக் கூப்பிட்டவர் சகலைக்காக வேறு இடம் தேட ஒத்துக்கொண்டு திரும்பியிருப்பது ஈரஜுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் வேறு வழியில் மடக்கிப் பார்த்தார். ஹூஷங்குக்குத் தன் வெள்ளைக் கார் என்றால் உயிர். மாமியார் வீட்டில் எல்லோர் முன்னாலும் ஈரஜ் தொண்டையைக் கனைத்தார்.

"கார் கிடையாது. எல்லாரும் ஒரே மினிபஸ்தான். ஹீட்டர் வேலை செய்யாதாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் ஹூஷங். "மினிபஸ்னா இடம் நிறைய இருக்குமே. அத்தையையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

சமையலறையிலிருந்து மாமியார் ஈரக் கையோடு வெளியே வந்தார். "எனக்கு எதுக்குப்பா? இந்தக் கிழவி பனியில வந்து என்ன பண்ணப் போறேன்" என்றார்.

ஈரஜ் இப்போது என்ன சொல்ல வேண்டும்? சொன்னார். "ஐயோ, நீங்க இல்லாமலா அத்தை."

"வேண்டாம் மாப்ள, உங்களுக்குச் சிரமம்."

"நீங்க வராட்டி நாங்களும் போகலை."

இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது மறுப்பை எதிர்பார்த்து ஈரஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பெரிய குக்கரை எடுத்துக்கவா, சின்னதை எடுத்துக்கவா?" என்று கேட்டார் மாமியார்.

ஆக, எட்டுப் பேர். இந்தக் குடும்பத்தில் மரியாதை தெரிந்தவன் நான் ஒருவன்தானா என்று ஈரஜ் அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார்.

ஃபரங்கீஸ் போனில் எதையோ தள்ளிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க வேணாலும் பாருங்க. இந்த கலாக்தர்ரே மட்டும் வேண்டாம்."

"அது எங்க இருக்கு?"

"ஃபீரூஸ்கூஹ் தாண்டி ஒரு கிராமம். மேல ஏத்திவிட ஒரே ஒரு கயிறாம், அதையும் டிராக்டர் இன்ஜின் போட்டு இழுக்குறாங்களாம். கோல்பானுன்னு ஒரு அம்மா வீட்ல ஒரே ரூம். எல்லாரும் குர்ஸியைச் சுத்திப் படுத்துக்கணுமாம். கழிப்பறை வெளியில. சீ, மனுஷன் போவானா?"

ஈரஜ் கண்ணில் வெளிச்சம் வந்தது. குர்ஸி என்றால் தணல் வைத்த குட்டை மேசை, அதன் மேல் ஒரு பெரிய ரஜாய்ப் போர்வை, அதற்குள் எட்டு ஜோடிக் கால்கள். டீஸின் ஓட்டலில் படுத்துப் பழகிய ஹூஷங்கின் கால், மாமியார் காலுக்குப் பக்கத்தில்! இதற்கு மட்டும் அந்த ஆள் சரியென்று சொல்லட்டும், பார்க்கலாம்.

"அங்கதான் போறோம்" என்றார்.

"நான் வேண்டாம்னு சொல்றேன்..."

"அதனாலதான்."

உடனே போன் போட்டார். கோல்பானு எடுத்த எடுப்பிலேயே மறுத்தாள். "இது டெஹ்ரான்காரங்களுக்கு ஏத்த இடமில்லைங்க. வராதீங்க."

"ஏன், டெஹ்ரான்காரனுக்குக் காலு இல்லையா?"

"வந்துட்டு அது இல்லை, இது இல்லைம்பீங்க. வேண்டாங்க."

"சொல்லமாட்டோம்மா."

"வெந்நீர் வராதுங்க."

"குளிக்க மாட்டோம்!"

"வேண்டாம் ஐயா, சொன்னாக் கேளுங்க. வேற இடம் பாத்துக்குங்க."

ஈரஜ் எழுந்து நின்றுகொண்டார். "இதைக் கேளும்மா. எத்தனை பேரு இந்த ஈரஜை 'வராதே'ன்னு சொல்லியிருக்காங்க தெரியுமா? எல்லா இடத்துக்கும் போயிருக்கேன். எட்டுப் பேர், ரெண்டு ராத்திரி. எழுதிக்கோ."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு அவள் வாடகையைச் சொன்னாள். ஈரஜ் காதைத் தேய்த்துவிட்டுத் திரும்பக் கேட்டார். டீஸினில் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் விலைக்கு, இங்கே எட்டுப் பேருக்கு இரண்டு நாள். பேரம் பேச வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அன்றே ஹூஷங்குக்குச் சொன்னார். கயிறு, டிராக்டர், குர்ஸி, வெளிக் கழிப்பறை, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"குர்ஸியா!" என்று மறுமுனையில் குரல் உடைந்தது. "சகலை, குர்ஸிக்குள்ள காலை நீட்டி எத்தனை வருஷமாச்சு! நீங்க ரசனை உள்ள மனுஷன்யா. இது எனக்குத் தோணாமப் போச்சே."

ஈரஜ் தோற்றார். ஆனால் தோற்றதை ஒப்புக்கொள்பவர் அவர் அல்ல. சரி, வரட்டும். நான் கண்டுபிடித்த இடத்தில், நான் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, நான் வாங்கிய டிக்கெட்டில் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தொங்கட்டும். வாழ்நாள் முழுக்க அதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மினிபஸ் கிளம்பும்போதே ஒரு சண்டை. மாமியாரின் இரண்டு குக்கர்களும் வந்திருந்தன. மலையேற்றத்தில் பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டியிருந்தது, டிரைவர், "ஐயா, இதுக்கு மேல போறது கஷ்டம், திரும்பிடலாமா?" என்று கேட்டுத் தொலைத்தார். ஈரஜ் இறங்கிப் பனியில் மண்டியிட்டுத் தன் கையாலேயே சங்கிலியை மாட்டினார். ஹூஷங்கும் இறங்கி வந்து மறுசக்கரத்துக்கு மாட்டினார்.

கலாக்தர்ரேயில் பனி வெள்ளையாக இருந்தது. கோல்நார் வண்டியிலிருந்து குதித்தவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பனியை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டாள். ஈரஜுக்குக் கண் கலங்கியது. குளிர்காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாடகைக்குக் கிடைத்த கட்டைகளில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. டிராக்டர் இருமியது; கயிறு இழுத்தது. ஈரஜ் ஏறினார், விழுந்தார். கயிறு பிடித்துவிடும் கிழவர், "பெரியவரே, நீங்க உக்காந்துக்குங்க, உங்களால முடியாது" என்றார். அதன் பிறகு ஈரஜ் பதினேழு தடவை ஏறினார். பதினேழாவது தடவை விழாமல் கீழே வந்து, ஒரு வைக்கோல் போரில் மோதி நின்றார். மொத்தக் குடும்பமும் கைதட்டியது. சத்தமாகக் கத்தியவர் ஹூஷங்.

மதியம் எல்லோரும் குர்ஸிக்குள் காலை நீட்டிக்கொண்டார்கள். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. ஆனாலும் ஈரஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. கோல்நார் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். ஃபரங்கீஸும் அவள் அக்கா பர்வானேயும் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேளையை அவர் வீணாக்க விரும்பவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "மனுஷன் வாழ்க்கையில யார் பேச்சையும் கேக்கக் கூடாது. டீஸின்னாங்க, நான் கேட்டேனா? மலிவா கிடைக்காதுன்னாங்க, கேட்டேனா? என் பொண்டாட்டியே இந்த இடம் வேண்டாம்னா. நானே தேடிப் பிடிச்சேன். இந்த விலைக்கு டெஹ்ரான்ல எவனுக்காவது ரூம் கிடைக்குமா? அதுவும் என் சொந்தக் காசுல!"

"உண்மைதான், சகலை" என்றார் ஹூஷங், ரஜாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.

கோல்பானு ஆவி பறக்கும் ஆஷ் கஞ்சி அண்டாவோடு உள்ளே வந்தாள். ஈரஜ் அவளையும் விடவில்லை.

"என்னம்மா, போன்ல அத்தனை தடவை வராதீங்க வராதீங்கன்னு விரட்டுனியே. வந்து நிக்கிறேன் பாத்தியா? இப்ப என்ன சொல்றே?"

பர்வானேக்குத் திடீரென்று புரையேறியது. ஃபரங்கீஸ் மாதுளையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தாள். மாமியார் அவசரமாக, "ஆஷ் ஆறிடும், ஊத்தும்மா, ஊத்து" என்றார்.

கோல்பானு அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, முகமெல்லாம் சங்கடமாக நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, நானா சொன்னேன்? மூணு மாசம் முந்தியே இந்த அக்காளும் தங்கச்சியும் இந்த சகலை ஐயாவோட வெள்ளைக் கார்ல வந்து ரூமைப் பாத்து, பாதி வாடகையைக் கையில குடுத்துட்டு, 'மீதியை மட்டும் எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளு, ஆனா முதல்ல மூணு தடவை வராதீங்கன்னு சொல்லு, அப்பதான் அவரு வருவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க!"