மூச்சுக்குடியனும் ரோஸ் கலர் விரல்களும்

லோடு ஏற்றும் மைதானத்தில் அன்று காலை பத்து மணிக்கே இருநூறு பேர். யாரும் லோடு ஏற்றவில்லை. யாரும் இறக்கவும் இல்லை. எல்லோரும் ஒரு பிக்கப் வண்டியின் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகையைப் பார்ப்பதுபோல.

பானட்டின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார் மூச்சய்யா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்பு எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் தெரியாது. எதுவுமே தெரியாத ஆளை மகான் என்பார்கள். தெரிந்துவிட்டால் சித்தப்பா, பெரியப்பா என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த மூன்று மாதத்தில், நன்றாக ஓடி வந்த பத்தொன்பது டீசல் பிக்கப்புகள் இந்த மைதானத்தில் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றன. பத்தொன்பதையும் மூச்சய்யாதான் எழுப்பினார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். 'மூச்சுக்குடியன்' என்று ஒரு பேய். இன்ஜினுக்குள் உட்கார்ந்து அதன் மூச்சைக் குடிக்கும். டீசல் வண்டியில் மட்டும்தான் உட்காரும்; பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இந்த மைதானத்துக்கு மட்டும்தான் வரும். காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரைதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அரசாங்க ஆபீசில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

சிகிச்சை எளிது. பானட்டைத் திறந்து அதன் மேல் ஒரு பெரிய கறுப்புத் துணியைப் போர்த்துவார். அதற்குள் மூச்சய்யா தலையை விட்டுக்கொள்வார். கூட்டம் முழுக்கத் திரும்பி நின்று, கண்ணை மூடி, சத்தமாக ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடியிருக்க வேண்டும்; நூறு வந்ததும் சாவியைத் திருப்பலாம். நடுவில் எவராவது கண்ணைத் திறந்தால், பேய் அவர் மூச்சைக் குடித்துவிடும். நூறு முடியும்போது மூச்சய்யா கையில் ஈரமான ஒரு மயிர் உருண்டையோடு வெளியே வருவார். வண்டி உறுமும். கூட்டம் அலறும்.

"நான் கட்டணம் வாங்குறதில்ல" என்பார் மூச்சய்யா. உண்மைதான். தலைகீழாக வைத்த ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொள்ளும்.

மைதானத்து மூலையில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. மெக்கானிக்கும் இருந்தார். ஸ்டூலில், சும்மா. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரிப் பேயைப் பார்த்ததில்லப்பா" என்று சொல்லிக்கொண்டு, டூல்ஸ் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். பேய் ஸ்பானரில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பதினொரு மணிக்கு மீசையின் பிக்கப் உள்ளே வந்தது. மீசை என்பது வண்டிக்காரரின் பட்டப்பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ப்ளாஸ்டிக் கூடைகளில் நாலாயிரம் கோழிக்குஞ்சுகள். பிறந்து ஒரு நாள். பாதிக்கு ரோஸ் கலர் சாயம் பூசியாகிவிட்டது. மீதிக்குப் பண்ணையில் போய்ப் பூச வேண்டும். அதற்காகக் கூட வந்தவள் மீசையின் மச்சினி. குஞ்சு பொரிக்கும் பொரிப்பகத்தில் சாயம் பூசுவதும், கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவதும் அவள் வேலை. அவளுடைய பத்து விரலும் வருஷம் முழுக்க ரோஸ் கலர். அந்தச் சாயம் தண்ணீருக்குப் போகாது, சோப்புக்கும் போகாது, ஒரு வாரம் ஆகும். பொரிப்பகத்தில் அவளை 'ரோஸ் கை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வண்டி நின்றது டயருக்குக் காற்றடிக்கத்தான். காற்றடிப்பவர் தங்கமான மனிதர். கேட்காமலேயே பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரும் ஊற்றிக் கொடுப்பார், இலவசமாக. இன்றும் ஊற்றினார். ரோஸ் கை பின்னால் கூடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மீசை ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார்.

கர்ர்ர். கர்ர்ர். அவ்வளவுதான்.

மீசை வெளிறிப்போய்க் கீழே இறங்கினார். "உட்கார்ந்துட்டான்மா."

"யாரு மாமா?"

"மூச்சுக்குடியன்."

அவள் கூடையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "லைட்டைப் போடுங்க" என்றாள். லைட் பளிச்சென்று எரிந்தது. "சாவியைத் திருப்புங்க." இன்ஜின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அவள் பின்னால் போய் சைலன்ஸர் குழாயருகே குனிந்தாள். "இன்னொரு தடவை."

கர்ர்ர்.

"பேட்டரி நல்லாருக்கு மாமா. ஆனா புகையே வரல. துளி டீசல் உள்ள போனாக்கூட, பத்திக்காட்டியும் புகையாவது தள்ளும். டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"முக்கால் டேங்க்."

"அப்போ டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல எதோ தடுக்குது."

"அதைத்தானே நானும் சொல்றேன். நடுவுல அவன் உட்கார்ந்திருக்கான்!"

அதற்குள் காற்றடிப்பவர் ஓடி வந்தார். "அண்ணே, சாவியை எடுங்க முதல்ல! மூச்சய்யா தொடறதுக்கு முன்னாடி திருப்பினா, அடுத்து மூச்சு நிக்கிறது உங்க வீட்டு ஆளுக்கு. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

மீசையின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். மனைவி. ஏழு மாசம். மீசை சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டார்.

வரிசையில் அவர் வண்டி மூன்றாவது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் காற்று உள்ளே போகும்; நின்றால் கூடைக்குள் வெறும் உஷ்ணம். ரோஸ் கை தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினாள். குஞ்சுகள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு இரைத்தன. "மாமா, இதுங்க ஒரு மணி நேரம் தாங்காது."

"ரெண்டு வண்டிதான்மா. முடிஞ்சிரும்."

அவள் பானட்டைத் திறந்தாள். பொரிப்பக ஜெனரேட்டரிலும் இதே மாதிரி டீசல் பம்ப்தான். அதன் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உருளை, அதற்கு ஒரே ஒரு ஒயர். அந்த ஒயரில் கரண்ட் வந்தால்தான் பம்ப் டீசலை விடும். இங்கே அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்துபோகவில்லை, கருகவில்லை. அழகாகக் கழற்றி, யார் கண்ணிலும் படாமல் குழாய்க்குப் பின்னால் சொருகியிருந்தது. கை இல்லாத பேய்க்கு நல்ல கைவேலை.

அவள் மாட்டினாள். கிளிக்.

"மாமா, சாவி குடுங்க. ஒயர் கழண்டிருந்துது, மாட்டிட்டேன். கிளம்பலாம்."

"வேணாம்மா. உங்க அக்கா..."

"அக்கா வயித்துக்கும் இந்த ஒயருக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"சம்பந்தமே இல்லன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியும்."

"என்னால முடியலையே" என்றார் மீசை. முட்டாளின் குரல் இல்லை அது. பயந்தவனின் குரல். மூச்சய்யா பிழைப்பது முட்டாள்களை நம்பி அல்ல.

அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "அண்ணே, வந்து இந்த ஒயரை ஒரு தடவை பாருங்களேன்."

"நான் பார்க்கல" என்றார் மெக்கானிக், ஸ்டூலோடு திரும்பி உட்கார்ந்தபடி. "நான் எதையுமே பார்க்கல தாயி."

ரோஸ் கை ஒயரை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு கேபினிலிருந்து சாய டப்பாவை எடுத்து வந்தாள். மாட்டிய ஒயரின் கழுத்தில் சாயத்தைக் குழைத்து அப்பினாள். பானட்டை மூடினாள்.

மூச்சய்யா வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் சுருங்கியது.

"மூணு பேரு இருக்கான்."

கூட்டத்தில் ஒருவர் நடுங்கினார். "எப்பவும் ஒருத்தன்தானே அய்யா?"

"குடும்பத்தோட வந்திருக்கான்."

"அய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் ரோஸ் கை பணிவாக. "இப்போ சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகுமா?"

"பொணம் எழுந்து நடக்குமாம்மா?"

"நீங்க உள்ள கை வெச்சு எதாவது பண்ணுவீங்களா?"

மூச்சய்யா சிரித்தார். "இந்தக் கை இரும்பைத் தொட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. என் வைத்தியம் மூச்சு வைத்தியம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் அவள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். புல்லரித்தும் போனார்கள்.

பானட் திறந்தது. கறுப்புத் துணி விழுந்தது. இருநூறு முதுகுகள் திரும்பின. இருநூறு ஜோடிக் கண்கள் மூடின. இதில் ஒரு பேங்க் கிளார்க், இரண்டு வாத்தியார்கள், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒருவன் எல்லோரும் அடக்கம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மீசை சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கையில் சாவி. முதுகுக்குப் பின்னால் நாலாயிரம் குஞ்சுகளின் கீச்சுச் சத்தம். காலையிலிருந்து காதைத் துளைத்த சத்தம்.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..."

சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஐம்பதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அறுபதில் ஏறக்குறைய இல்லை.

மீசை கண்ணைத் திறந்தார். திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை நிறையத் தலைகள் சாய்ந்திருந்தன. வீட்டில் நிற்கப்போவதாகச் சொன்ன மூச்சு, கண்ணெதிரே, அவர் பேயை நம்பிக் காத்திருந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அறுபத்திநாலு..."

அவர் சாவியைத் திருப்பினார்.

வண்டி முதல் சுற்றிலேயே உறுமியது. ரேடியேட்டர் ஃபேன் கறுப்புத் துணியின் நுனியைக் கவ்வி, சர்ரென்று இழுத்து, உள்ளே சுருட்டிக் கிழித்தது. 'அறுபத்தஞ்சு' பாதியில் நிற்க, இருநூறு பேரும் திரும்பினார்கள்.

மூச்சய்யா இன்ஜினுக்குள் குனிந்து நின்றிருந்தார். பன்னிரண்டு வருஷமாக இரும்பைத் தொடாத வலது கை பம்ப் மேல் இருந்தது. இடது கையில் ஒரு ப்ளாஸ்டிக் பை. அதிலிருந்து மயிர் உருண்டை பாதி எட்டிப் பார்த்தது. வலது கையில் மூன்று விரல்கள் ரோஸ் கலர்.

"ரத்தம்!" என்று யாரோ கத்தினார்.

மகான்களுக்கு மூளை வேகமாக வேலை செய்யும். "பார்த்தீங்களா! மூச்சுக்குடியனோட ரத்தம்! உயிரைக் குடுத்துப் போராடினேன்!"

நம்ப மாட்டீர்கள், பாதிக் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

ரோஸ் கை தன் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "அப்போ நானும் மூச்சுக்குடியன்தான். கும்பிடுங்க." ஒரு ரோஸ் கலர் குஞ்சை எடுத்துக் காட்டினாள். "இந்த மாதிரி ரெண்டாயிரம் மூச்சுக்குடியன் பின்னாடி இருக்கு. தனித்தனியாக் கும்பிடணும்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்த மைதானத்தில் மூன்று மாதத்தில் கேட்ட முதல் அறிவுள்ள சத்தம் அது.

"அரை மணி நேரத்துக்கு முன்னாடியே நான் சரி பண்ணின வண்டி இது. இதுக்குள்ளதான் அய்யா குடும்பத்தோட மூணு பேரைப் பார்த்தாரு. சாயம் நான் அப்பினது ஒரே ஒரு ஒயர்ல. இதோ." பிடுங்கினாள். இன்ஜின் செத்தது. "அய்யா, துணி வேணாம், நூறு வேணாம். ஸ்டெதஸ்கோப்பை வெச்சு ஓட்டுங்க பார்ப்போம்."

மூச்சய்யா வைத்தார். மீசை சாவியைத் திருப்பினார். கர்ர்ர். அவள் ஒயரை மாட்டச் சொல்லி மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வந்தார். விரல் நுனியால் சொருகினார். வண்டி ஓடியது. பேய் ஒட்டிக்கொள்கிறதா என்று தன் விரலை உற்றுப் பார்த்தார். சாயம்தான் ஒட்டியிருந்தது.

"காலையில ஆறு மணிக்கு ரேடியேட்டரை நானே விளிம்பு வரைக்கும் ரொப்பினேன்" என்றாள் ரோஸ் கை. "ரொம்பின ரேடியேட்டருக்கு இங்க இலவசமாத் தண்ணி ஊத்தினது யாரு?"

கூட்டத்திலிருந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் திரும்பினார்கள். அங்கே காற்றடிப்பவர் இல்லை. கம்ப்ரஸர் மட்டும் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூச்சய்யாவைச் சுற்றி வட்டம் இறுகியது. அதற்குப் பிறகு அவர் மூச்சு எப்படி வாங்கியது என்பதைப் பார்க்க மீசையும் மச்சினியும் இருக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வருத்தமாகக் கேட்டது: "எது எப்படியோ, என் வண்டி நிஜமாவே ஓடுச்சே அய்யா..." பரம்பரை நோய். ஒயரை மாட்டிச் சரி பண்ண முடியாது.

காற்று உள்ளே போகப் போக, பின்னால் கீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. மீசை வண்டியின் வேகத்தைக் கூட்டினார். பிறகு, "அக்காவுக்கு ஒரு போன் போடேன்" என்றார்.

"மூச்சு இருக்கான்னு கேக்கணுமா?"

போன் எடுத்த அக்கா, ஹலோ சொல்வதற்கு முன்பே, மத்தியானச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதற்காக மூன்று நிமிஷம் நிறுத்தாமல் திட்டினாள். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

பண்ணையில் இறக்கியபோது அறுபத்தோரு குஞ்சுகள் எழுந்திருக்கவில்லை. பேய் குடித்த மூச்சு அல்ல அது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பயந்த நேரத்தின் விலை.

மீதியெல்லாம் கூடையிலிருந்து இறங்கியதும் நாலா பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. எதைக் கண்டாலும் ஒரு கொத்து கொத்திச் சோதித்துவிட்டுத்தான் நகர்ந்தன. பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் எவன் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்ண அவற்றுக்குத் தெரியாது. அதற்கு நம்மைப்போல் வளர்ந்து, படித்து, பட்டம் வாங்க வேண்டும்.