அமாவாசை வகுப்பு

"இன்னைக்கும் ஒருத்தியும் வரல!"

காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கத்தினாள் குடும்பக் கட்டுப்பாடு நர்ஸ் தேவகி. கல்யாணம் நிச்சயமான பதினெட்டு வயதுப் பெண்களுக்குக் கருத்தடைப் பாடம் நடத்தத்தான் அவளைப் பிள்ளையார்பாளையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த மாதமும் ஆள் சேராவிட்டால் வகுப்பையே மூடிவிட்டு அவளை மாற்றிவிடுவதாக ஆபீசிலிருந்து கடிதம் வேறு வந்துவிட்டது.

தை மாசக் கல்யாணத்துக்கு நிச்சயமாகியிருந்த அம்சவேணியைத் தெருவில் வழிமறித்து, ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"தறிய வுட்டுட்டு எப்டிக்கா வர்றது? பட்டுச் சேலைக்குக் கரை கோத்து நெய்ய ரெண்டு ஆளு வேணும். அமாவாசைன்னா தறிக்கு லீவு. அன்னிக்கு வைங்க."

வைத்தாள். இருபது பெண்கள் வந்தார்கள். ஆனால், தறிக்கு லீவு என்றால் அப்பன்மார்களுக்கும் லீவுதானே! அது தேவகியின் மண்டையில் உறைக்கவில்லை. தெருவே ஜன்னலில் வந்து தொங்கியது.

ஜன்னல்களைச் சாத்தினாள். சாத்தினால் சும்மா போவார்களா? கூட்டம் இரட்டித்தது. 'தையல் வகுப்பு' என்று எழுதி வாசலில் மாட்டினாள். கிழிந்த ரவிக்கைகளோடு அம்மாக்கள் நுழைந்துவிட்டார்கள்.

"இதுல ரெண்டு தையல் போட்டுக் குடு கண்ணு," என்று தேவகியின் மடியில் ரவிக்கையைப் போட்டாள் பூவம்மாள்.

"உள்ள இன்னாம்மா நடக்குது? கதவைத் தொற!" வெளியே இடித்தவர் அம்சவேணியின் அப்பா திருஞானசம்பந்தம், நெசவாளர் சங்கத் தலைவர்.

போதுமடா சாமி! தேவகி எழுந்து ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தாள். நிரோத் ஆணுறைப் பாக்கெட்டை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"தையலும் இல்ல, மண்ணும் இல்ல! குழந்தை எப்ப வேணும்னு நீங்களே முடிவு பண்றதுக்கு இது. ஒவ்வொரு தடவையும் புதுசு! வெயில்ல வைக்காதீங்க. கிழிஞ்சது ஆகாது. ஒருநாள்தானேன்னு விட்டீங்க, பத்தாம் மாசம் தொட்டில் கட்டணும்!"

ஆம்பளைகள் ஜன்னலைவிட்டு விலகினார்கள். பிறகு வெளியே குசுகுசுப்பு. ஒருவனைக் குனியவைத்து, அவன் முதுகில் காகிதத்தை வைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். திருஞானசம்பந்தம் அதை உள்ளே கொண்டுவந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நீட்டினார்.

புகார் மனு! ஆனாலும் தேவகி தலை குனியவில்லை.

"எங்க வேணா மாத்தட்டும். நான் சொன்னது அத்தனையும் நிஜம்!"

அம்சவேணி காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, ஆம்பளைங்களுக்கும் இதே கிளாஸ் வேணுமாம்! மொதக் கையெழுத்தே, தை மாசம் எனக்குத் தாலி கட்டப் போறவருது!"