பிள்ளைகளுக்கு வார்த்த வண்ணக்குச்சி

திண்டிவனம்
ஏப்ரல் 1961

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் சுகமே வாழும் மச்சான் தேவசகாயம் அவர்களுக்கு சவுரிராயன் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை அம்மணியும் நலம். வீட்டுப் பாத்திரங்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

பெருமுக்கல் பள்ளித் தலைமையாசிரியை கிருஷ்ணவேணி அம்மா, படப்போட்டிக்குச் சீமை வண்ணக்குச்சி கிடைக்கவில்லை என்று வருந்தினார். மெழுகுவர்த்தி வார்க்கிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மெழுகை உருக்கி, சலவை நீலம் கலந்து, பப்பாளி இலைக்காம்புக்குள் ஊற்றி, ஆறியதும் உரித்தால் பார்வைக்கு அசல் குச்சிதான், ஆனால் காகிதத்தில் வழுக்குகிறதே தவிர வண்ணம் ஒட்டவில்லை, சரியென்று சாக்கட்டியை இடித்துச் சேர்த்தேன், தொட்டதும் முறிந்தது, கூட்டியும் குறைத்தும் பதம் பிடிப்பதற்குள் குழம்புச்சட்டி நீலம், ரசச்சட்டி காவி, சோற்றுப்பானை மஞ்சள். "ஆக்கித் தின்ன ஒரு சட்டியாவது உட்டு வைப்பீங்களா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

போட்டியன்று குச்சிகளைத் தகர டப்பாவில் அடுக்கி பஸ்ஸின் கூரைமேல் ஏற்றினேன். பஸ் வழியில் படுத்துவிட்டது. உச்சி வெயில். பள்ளியில் டப்பாவைத் திறந்தால் குச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாம் உருகி ஒரே கட்டி. பிள்ளைகள் காகிதத்தோடு காத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை சமையற்கட்டிலிருந்து அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொன்னார். கட்டியை அல்வாபோல் துண்டு போட்டுக் கொடுத்தோம். அம்சா என்கிற பொடிசு ஓர் ஆடு வரைந்தது. தலை நீலம், வயிறு காவி, வால் மஞ்சள். "டீச்சர், ஒரே இழுப்புல எல்லாக் கலரும் வந்துட்ச்சி" என்றது. அவ்வளவுதான், பள்ளிக்கூடமே கூத்தாகிவிட்டது. பச்சை யானை, வானவில் மாடு. தலைமையாசிரியை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாருக்குப் பரிசு என்று தீராமல் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். நான் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஆனால் மச்சான், அதிர்ஷ்டம் மறுபடியும் வராது. நான் வண்ணக்குச்சி வார்ப்பதாக அம்மணி எழுதியதைப் பார்த்து, ரயில்வே உத்தியோகத்தை உதறிவிட்டு இந்தத் தொழிலில் கூட்டுச் சேர்வதாக எழுதியிருந்தீர்கள். அந்த நினைப்பே வேண்டாம். நானும் மெழுகுவர்த்திக்கே திரும்பிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்.

இப்படிக்கு,
சவுரிராயன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் மல்லாட்டை மண்டி வேங்கடேசன் வந்தார். மீந்த துண்டால் ஒரு கடலைச் சாக்கில் குறி போட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். அழியவில்லை. "மண்டி மூட்டைக்கெல்லாம் இதாங்க வேணும், ஜல்தியா வார்த்துக் குடுங்க" என்கிறார். சீமையிலும் இது முதலில் மூட்டை, பெட்டிக்குக் குறி போடத்தான் வந்ததாம், பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போனதாம். கிருஷ்ணவேணி அம்மா அன்றைக்கே சொன்னார். நாம் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம், அவ்வளவுதான். மேலே எழுதிய புத்திமதியைக் கிழித்துப் போட்டுட்டு அடுத்த வண்டிக்கு வாங்க மச்சான். லீவு கேட்டுக்கினு நிக்காதீங்க.